தட்டினால் ஏன் வெடிக்கிறது? உலோக அசைடுகளின் மோதல் உணர்திறன்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டி வாழ்கிறவர்களுக்குக் கல்குவாரியின் வெடிச் சத்தம் பழகிப்போன ஒன்று. பாறையில் துளையிட்டு, அதற்குள் தோட்டாவை இறக்கி, தோட்டாவை உசுப்பிவிட டெட்டனேட்டரைப் பொருத்துகிறார்கள் என்பது விளவங்கோடு, கல்குளம் வட்டங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். டெட்டனேட்டரைக் குவாரிகளில் சுருக்கமாகக் கேப் என்பார்கள். பாறையை உடைக்கும் வேலையைத் தோட்டாதான் செய்கிறது. கேப்பின் உள்ளே இருக்கும் மருந்தோ மிகச் சிறிய அளவு. அப்படியிருந்தும் கேப்பைத் தோட்டாவோடு சேர்த்து வைக்கக் கூடாது, கீழே போடக் கூடாது, நசுக்கக் கூடாது என்று கடுமையான விதிகள் உள்ளன. மருந்து குறைவாக உள்ள பொருளுக்கு எச்சரிக்கை ஏன் கூடுதலாக இருக்கிறது என்று மேல்நிலை வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டால், அவருக்கு வேதியியல் தரும் பதில் மோதல் உணர்திறன் என்ற கருத்தில் இருக்கிறது. கேப்பின் உள்ளே வழக்கமாகப் பயன்படும் காரீய அசைடு என்ற பொருளையும் அதன் உறவினர்களையும் வைத்து அந்தக் கருத்தை இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் அசைடு என்றால் என்ன என்று பார்ப்போம். மூன்று நைட்ரஜன் அணுக்கள் ஒரே நேர்கோட்டில் இணைந்து, ஒரு எதிர்மின் சுமையோடு இருக்கும் அயனிக்கு அசைடு அயனி என்று பெயர். அதன் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை எண்ணினால் நைட்ரஜன் அணு ஒன்றுக்கு 5 வீதம் 15, எதிர்மின் சுமைக்கு 1, ஆக மொத்தம் 16 வரும். கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறிலும் அதே 16 எலக்ட்ரான்கள்தான். இரண்டும் நேர்கோட்டு வடிவம் கொண்டிருப்பதற்கு இதுவே காரணம். இந்த அயனி ஓர் உலோக அயனியோடு சேர்ந்து படிகமாகும்போது உலோக அசைடு கிடைக்கிறது. சோடியம் அசைடு, காரீய அசைடு, வெள்ளி அசைடு, தாமிர அசைடு ஆகியவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஜெர்மானிய வேதியியலாளர் தியோடர் குர்ட்டியஸ் 1890-இல் இந்தக் குடும்பத்தின் மூலமான ஹைட்ரசோயிக் அமிலத்தைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே காரீய அசைடும் அறியப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் அது டெட்டனேட்டர்களில் பாதரச ஃபல்மினேட்டின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது.

அசைடு அயனி வெடிக்கக் கூடியதாக இருப்பதன் அடிப்படைக் காரணம் எளிமையானது. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் முப்பிணைப்பால் இணைந்து நைட்ரஜன் வாயுவாக இருக்கும் நிலை மிக மிக உறுதியானது. அந்தப் பிணைப்பை உடைக்க ஒரு மோலுக்கு 945 கிலோஜூல் தேவை. நைட்ரஜன் அணுக்களுக்கிடையே உள்ள ஒற்றைப் பிணைப்புக்கு ஏறத்தாழ 160 கிலோஜூலும், இரட்டைப் பிணைப்புக்கு ஏறத்தாழ 418 கிலோஜூலும் போதும். அசைடு அயனியில் உள்ள இரண்டு பிணைப்புகளும் ஏறக்குறைய இரட்டைப் பிணைப்பின் தரத்தில் இருப்பவை. ஆகவே அசைடு அயனிகள் சிதைந்து நைட்ரஜன் வாயுவாக மாறும்போது, வலுக்குறைந்த பிணைப்புகள் மறைந்து வலுமிக்க பிணைப்புகள் உருவாகின்றன. அந்த வேறுபாடு வெப்பமாக வெளிப்படுகிறது.

இந்த இடத்தில் பெரும்பாலான தொடக்க நூல்கள் நின்றுவிடுகின்றன. ஆற்றல் நிறைய இருக்கிறது, எனவே தட்டினால் வெடிக்கிறது என்ற எண்ணம் மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. இந்த எண்ணம் தவறானது என்பதை ஒரு சிறு கணக்கே காட்டும். ஒரு மோல் காரீய அசைடு தன் தனிமங்களாகச் சிதையும்போது வெளிவரும் ஆற்றல் சுமார் 475 கிலோஜூல். அதன் மோலார் நிறை 291 கிராம். வகுத்துப் பார்த்தால் ஒரு கிராமுக்கு 1.6 கிலோஜூல் வருகிறது. டிஎன்டி என்ற புகழ்பெற்ற வெடிபொருள் ஒரு கிராமுக்குத் தரும் ஆற்றல் 4 கிலோஜூலுக்கும் மேல். அதாவது, எடைக்கு எடை பார்த்தால் காரீய அசைடிடம் இருப்பது டிஎன்டியின் ஆற்றலில் பாதிகூட இல்லை. ஆனால் டிஎன்டி அடியைத் தாங்கிக்கொள்வதில் பெயர்பெற்றது. காரீய அசைடோ சிறு உராய்வுக்கே வெடித்துவிடக் கூடியது. ஒரு பொருள் எவ்வளவு ஆற்றலைத் தன்னுள் வைத்திருக்கிறது என்பதும், அந்த ஆற்றலைத் திறந்துவிட எவ்வளவு சிறிய தூண்டுதல் போதும் என்பதும் வெவ்வேறு கேள்விகள். இரண்டாவது கேள்விக்குரிய விடையே உணர்திறன். தூண்டுதல் ஓர் அடியாக இருந்தால் அது மோதல் உணர்திறன். தேய்ப்பாக இருந்தால் உராய்வு உணர்திறன்.

மோதல் உணர்திறனை அளக்கும் கருவி பார்ப்பதற்கு மிக எளிமையானது. செங்குத்தான இரண்டு தண்டவாளங்களுக்கிடையே ஓர் எடை தொங்குகிறது. கீழே, இரண்டு எஃகு உருளைகளின் தட்டையான முகங்களுக்கிடையே சோதனைப் பொருளை மிகச் சிறிய அளவில் வைக்கிறார்கள். எடையைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து விழவிடுகிறார்கள். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் விழும் எடையின் ஆற்றல் ஜூலில் கிடைத்துவிடும். 1 கிலோ எடை 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 3 ஜூல். ஒரே உயரத்தில் பலமுறை சோதித்தால் சில முறை வெடிக்கும், சில முறை வெடிக்காது என்பதால், ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு சொல்ல முடியாது. எனவே சில ஆய்வகங்கள், பாதிச் சோதனைகளில் வெடிப்பு நிகழும் உயரத்தைக் கணக்கிடுகின்றன. ஜெர்மன் முறையைப் பின்பற்றும் ஆய்வகங்கள், ஆறு சோதனைகளில் ஒரு முறையாவது வெடிக்கும் மிகக் குறைந்த ஆற்றலைக் குறிக்கின்றன. ஐக்கிய நாடுகள் அவையின் ஆபத்தான சரக்குப் போக்குவரத்துப் பரிந்துரைகள் இந்த இரண்டாம் வகை எண்ணைப் பயன்படுத்துகின்றன. அந்த எண் 2 ஜூல் அல்லது அதற்குக் கீழே இருந்தால், சோதித்த வடிவத்தில் அந்தப் பொருளை ஏற்றிச் செல்லவே கூடாது என்பது விதி.

கையேடுகளில் காணப்படும் சில எண்களைப் பார்ப்போம். நைட்ரோகிளிசரினுக்கு 0.2 ஜூல், பாதரச ஃபல்மினேட்டுக்கு 1 முதல் 2 ஜூல், காரீய அசைடுக்கு 2.5 முதல் 4 ஜூல், பிஇடிஎன் என்ற பொருளுக்கு 3 ஜூல், ஆர்டிஎக்ஸுக்கு 7.5 ஜூல், டிஎன்டிக்கு 15 ஜூல். இந்த வரிசையில் ஓர் இடறல் இருப்பதைக் கூர்ந்து படிப்பவர் கவனித்திருப்பார். காரீய அசைடு முதல்நிலை வெடிபொருள், அதாவது தொடக்கி வைக்கும் பொருள். பிஇடிஎன் இரண்டாம்நிலை வெடிபொருள், அதாவது தொடக்கி வைக்கப்படும் பொருள். ஆனால் இரண்டின் மோதல் எண்களும் ஒரே அளவில் இருக்கின்றன. இது எப்படி என்ற கேள்வியைச் சற்று நேரம் தள்ளி வைப்போம். அதற்கு விடை காண, ஓர் அடி எப்படி வெடிப்பாக மாறுகிறது என்பது முதலில் தெரிந்தாக வேண்டும்.

அடி விழுந்தால் பொருள் சூடாகிறது, சூடானால் சிதைகிறது என்பதே இயல்பாகத் தோன்றும் விளக்கம். அதையும் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். எஃகு உருளைகளுக்கிடையே 0.1 கிராம் காரீய அசைடு இருக்கிறது என்றும், 3 ஜூல் ஆற்றல் முழுவதும் வீணாகாமல் அந்தத் தூளுக்குள்ளேயே போய்விடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். காரீய அசைடு ஒரு கிராமின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த அரை ஜூலுக்குச் சற்றுக் குறைவான ஆற்றல் போதும். எனவே தூளின் வெப்பநிலை 60 முதல் 65 டிகிரி வரை உயரும். நாகர்கோவிலில் 30 டிகிரி வெப்பநிலையுள்ள ஓர் அறையில் சோதனை நடந்தால் தூள் 95 டிகிரியை எட்டும். ஆனால் காரீய அசைடைச் சீராகச் சூடேற்றி வெடிக்கச் செய்ய 300 டிகிரிக்கும் மேலே போக வேண்டும். உண்மையில் அடியின் ஆற்றலில் பெரும் பகுதி எஃகுக்குள் போய்விடும் என்பதால் நிலைமை இதைவிடவும் மோசம். சீரான சூடேற்றம் என்ற விளக்கத்தால் வெடிப்பை விளக்க முடியாது. ஆயினும் பொருள் வெடிக்கத்தான் செய்கிறது.

இந்த முரணை அவிழ்த்தவர்களில் முதன்மையானவர்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் பவ்டனும் ஆபே யோஃபியும் ஆவர். அவர்களுடைய விளக்கம் 1952-இல் நூலாக வெளிவந்தது. அடியின் ஆற்றல் பொருள் முழுவதும் சமமாகப் பரவுவதில்லை; படிகத் துகள்கள் ஒன்றோடொன்று உரசும் இடங்களிலும், படிகம் சறுக்கி முறியும் தளங்களிலும், இடையில் சிக்கிய சிறு காற்றுக் குமிழிகள் திடீரென அழுத்தப்படும் இடங்களிலும் அது குவிகிறது என்று அவர்கள் காட்டினார்கள். இப்படிக் குவிந்து எரிகொள்ளும் புள்ளிகளை வெப்பப்புள்ளிகள் என்கிறோம். ஒரு வெப்பப்புள்ளியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு முதல் நூறில் ஒரு பங்கு வரை இருக்கும். அது நீடிக்கும் நேரம் ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு முதல் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை. அதன் வெப்பநிலை 430 டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும். மயிலாடியில் சிலை செய்யும் சிற்பியின் வேலையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அதே சுத்தியலால் கருங்கல்லின் பரப்பில் நேரடியாக அடித்தால் கல் அசையாது. உளியின் முனை வழியாக அதே அடி போகும்போது கல் தெறிக்கிறது. அடியின் அளவு மாறவில்லை, அது சென்று சேரும் பரப்பு சுருங்கிவிட்டது. வெடிபொருளின் உள்ளே அந்த உளிமுனையின் பங்கைத் துகள்களின் ஓரங்களும் படிகக் குறைகளும் வகிக்கின்றன.

வெப்பப்புள்ளிக் கருத்தால் பல நடைமுறை உண்மைகள் தெளிவாகின்றன. வெடிபொருளோடு மணல், கண்ணாடித்தூள் போன்ற கடினமான, எளிதில் உருகாத துகள்கள் கலந்துவிட்டால் ஆபத்து பெருகும். ஏனெனில் அந்தத் துகள் உருகிக் குழைவதற்கு முன் தன் முனையில் மிக உயர்ந்த வெப்பநிலையைத் தாங்கி நிற்கும். வெடிபொருள் தொழிற்சாலைகளில் தரையும் காலணியும் தூசியின்றி இருக்க வேண்டும் என்று இவ்வளவு கண்டிப்புக் காட்டுவது இதனால்தான். படிகத்தின் அளவும் வடிவமும் மோதல் எண்ணை மாற்றிவிடும் என்பதும் இதிலிருந்து புரியும். காரீய அசைடின் பெரிய படிகங்கள் குறிப்பாக அஞ்சத்தக்கவை. கரைசலில் வளர்ந்துகொண்டிருக்கும்போதே யாரும் தொடாமல் அவை வெடித்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. ஆகவே தொழிற்சாலைகள், படிகங்கள் பெரிதாக வளராமல் தடுக்கும் கூட்டுப்பொருள்களோடுதான் அதைச் செய்கின்றன. காரீய அசைடுக்கு ஒரே எண் சொல்லாமல் 2.5 முதல் 4 வரை என்று கையேடு சொல்வதற்குப் பின்னால் இவையெல்லாம் இருக்கின்றன. உருகுநிலை, அடர்த்தி போலப் பொருளுக்கென்று நிலையாக உள்ள ஒரு பண்பாக மோதல் உணர்திறனை எண்ணக் கூடாது. அது பொருள், அதன் துகள் வடிவம், சோதனைக் கருவி ஆகிய மூன்றும் சேர்ந்து தரும் விடை. இதைப் பாடநூல்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

இனி இந்தக் குடும்பத்தின் மிக வியப்பான செய்திக்கு வருவோம். அசைடு அயனி ஒன்றேதான். ஆனால் உலோகம் மாறினால் குணம் தலைகீழாக மாறிவிடுகிறது. சோடியம் அசைடு மோதல் சோதனையில் வெடிப்பதில்லை. நச்சுத்தன்மை மிகுந்தது என்றாலும், அடிக்கு அஞ்ச வேண்டிய பொருள் அல்ல. வெள்ளி அசைடும் காரீய அசைடும் எளிதில் வெடிப்பவை. தாமிர அசைடு இவற்றையும் மிஞ்சியது. மிக மெல்லிய தீண்டலுக்கும் வெடிக்கக் கூடிய அதைப் பயன்பாட்டுக்கு உகந்ததாக எவரும் கருதுவதில்லை. ஒரே அயனி நான்கு இடங்களில் நான்கு விதமாக நடந்துகொள்வதற்குக் காரணம் என்ன?

ஆற்றல் வேறுபாட்டுக்கு இதில் ஒரு பங்கு உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை. சோடியம் அசைடு சிதையும்போது ஒரு கிராமுக்கு 0.3 கிலோஜூல் அளவே வெளிவருகிறது. வெள்ளி அசைடில் அது 2 கிலோஜூலை எட்டுகிறது. ஓர் இடத்தில் சிதைவு தொடங்கினாலும், அண்டை அயனிகளையும் சிதைக்கும் அளவுக்கு வெப்பம் கிடைக்காவிட்டால் அது அங்கேயே அணைந்துவிடும். சோடியம் அசைடில் அதுவே நடக்கிறது. ஆனால் ஆற்றல் மட்டுமே முழு விளக்கம் என்றால், சற்று முன் பார்த்தபடி டிஎன்டியே காரீய அசைடைவிட எளிதில் வெடிக்க வேண்டும்.

மற்றொரு பங்கு பிணைப்பின் தன்மையில் இருக்கிறது. சோடியம் தன் எலக்ட்ரானை முழுமையாகக் கொடுத்துவிடும் உலோகம். எனவே சோடியம் அசைடில் அசைடு அயனி ஏறத்தாழத் தனித்து நிற்கிறது. அதன் இரண்டு பிணைப்புகளும் சம நீளமானவை, ஒவ்வொன்றும் 1.17 ஆங்ஸ்ட்ராம் அளவில் இருக்கும். சமச்சீராக நிற்கும் இந்த வடிவம் உறுதியானது. காரீயம், வெள்ளி, தாமிரம் ஆகியவை எலக்ட்ரானை அவ்வளவு முழுமையாக விட்டுக்கொடுப்பதில்லை. அசைடின் ஒரு முனை அணுவோடு ஓரளவு சகப்பிணைப்பு ஏற்படுகிறது. அப்போது உலோகத்தை ஒட்டிய பக்கத்தில் உள்ள நைட்ரஜன் பிணைப்பு நீள்கிறது, மறுபக்கத்துப் பிணைப்பு குறுகுகிறது. இந்தப் போக்கின் எல்லையை ஹைட்ரசோயிக் அமிலத்தில் காணலாம். அங்கே ஒரு பிணைப்பு 1.24 ஆங்ஸ்ட்ராம், மற்றது 1.13 ஆங்ஸ்ட்ராம். குறுகிய பக்கம் ஏற்கெனவே நைட்ரஜன் வாயு மூலக்கூறின் வடிவத்தை நெருங்கிவிட்டது. நீண்ட பக்கம் அறுந்தால் அது பிரிந்து போய்விடும். அசைடு எவ்வளவு சமச்சீர் இழக்கிறதோ அவ்வளவுக்கு அது சிதைவின் வாசலை நெருங்குகிறது என்று பொதுவாகச் சொல்லலாம். படிகத்துக்குள் அசைடு அயனிகள் ஒரே விதமான சூழலில் இல்லாததும் இதோடு சேர்கிறது. காரீய அசைடின் படிகத்தில் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபட்ட பல வகை இடங்களில் அசைடு அயனிகள் அமர்ந்திருக்கின்றன. அவற்றில் மிகவும் கோணலாக நிற்கும் அயனியே முதலில் விழும்.

இதுவரை சொன்னது அயனியின் நிலையைப் பற்றியது. அடியின் ஆற்றல் அந்த அயனிக்குள் எப்படிப் போய்ச் சேருகிறது என்ற கேள்வி இன்னும் மீதமிருக்கிறது. இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி இதுதான். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

படிகத்தில் உள்ள அயனிகள் ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. இந்த அதிர்வுகள் இரண்டு தளங்களில் நிகழ்கின்றன. அயனிகள் முழு உருவமாக ஒன்றையொன்று நெருங்கியும் விலகியும் சாய்ந்தும் ஆடுவது முதல் தளம். இவை மெதுவான அதிர்வுகள். அயனியின் உள்ளேயே அணுக்கள் ஒன்றைப் பொறுத்து மற்றொன்று ஆடுவது இரண்டாம் தளம், இவை வேகமானவை. நிறமாலையியலில் பயன்படும் அலை எண் அலகில் சொன்னால், முதல் தளத்து அதிர்வுகள் பொதுவாகச் சில நூறுகளுக்குள் அடங்கிவிடும். அசைடு அயனி வில்லைப் போல வளையும் அதிர்வு 640-ஐ ஒட்டியும், இரு பக்கமும் ஒருசேர நீளும் அதிர்வு 1350-ஐ ஒட்டியும், ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் குறுகும் அதிர்வு 2000-க்கு மேலும் இருக்கும்.

வெளியிலிருந்து விழும் அடி முதலில் மெதுவான அதிர்வுகளையே எழுப்புகிறது. ஏனெனில் அடி என்பது படிகம் முழுவதையும் அழுத்தும் செயல், தனி அயனி ஒன்றின் உள்ளே அது நேரடியாக நுழைவதில்லை. ஆனால் அசைடு சிதைய வேண்டுமானால் அயனியின் உள்ளே உள்ள அதிர்வுகள் எழ வேண்டும். குறிப்பாக, வளையும் அதிர்வு முக்கியமானது. நேர்கோட்டில் இருக்கும் அசைடு அயனியில், எலக்ட்ரான் நிரம்பிய மேல் மட்டத்துக்கும் காலியாக உள்ள அடுத்த மட்டத்துக்கும் இடையே பெரிய ஆற்றல் இடைவெளி உண்டு. அயனி வளைய வளைய அந்த இடைவெளி சுருங்குகிறது. போதுமான அளவு வளைந்துவிட்டால், ஒளியோ மின்பொறியோ இல்லாமலேயே எலக்ட்ரான் மேல் மட்டத்துக்குத் தாவ வழி ஏற்படுகிறது. அதன்பின் அயனி தன் உறுதியை இழந்துவிடுகிறது. எனவே ஓர் அசைடின் மோதல் உணர்திறனை அறிய, படிகத்தின் மெதுவான அதிர்வுகளிலிருந்து அயனியின் வளைவு அதிர்வுக்கு ஆற்றல் எவ்வளவு எளிதாக ஏறிச் செல்கிறது என்று கேட்க வேண்டும்.

ஆற்றல் இப்படி ஏறிச் செல்வதற்கு, இரண்டு தளங்களுக்கும் இடையே உள்ள அதிர்வெண் இடைவெளி சிறிதாக இருக்க வேண்டும், அல்லது இடையில் ஏறுபடியாக உதவும் அதிர்வுகள் இருக்க வேண்டும். சோடியம் அசைடு எளிய, சமச்சீரான படிகம். அதன் மெதுவான அதிர்வுகள் தாழ்வாகவே நின்றுவிடுகின்றன, வளைவு அதிர்வு எட்டாத உயரத்தில் இருக்கிறது, இடையே படிகள் இல்லை. அதனால் அடியின் ஆற்றல் அயனிக்குள் ஏறுவதற்கு முன் வெப்பமாகப் பரவிக் கலைந்துவிடுகிறது. உலோகத்தோடு சகப்பிணைப்பு கொண்ட அசைடுகளில், உலோகத்துக்கும் நைட்ரஜனுக்கும் இடையே உள்ள பிணைப்பின் அதிர்வுகள் அந்த இடைவெளியை நிரப்பும் படிகளாகின்றன. எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் 2018-இல் பல அசைடுகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் படிக அமைப்பிலிருந்து குவாண்டம் இயற்பியல் கணக்கீடுகள் வழியாக இந்த அதிர்வுகளைக் கணித்து, ஆற்றல் ஏறும் எளிமைக்கும் சோதனையில் காணும் உணர்திறனுக்கும் பொருத்தம் இருப்பதைக் காட்டினார்கள். ஒரு பொருளை உருவாக்கித் தட்டிப் பார்ப்பதற்கு முன்பே, அது எவ்வளவு ஆபத்தானது என்று காகிதத்தில் கணித்துவிடலாம் என்ற நம்பிக்கையை இந்த வழிமுறை தருகிறது. காரீயத்தின் நச்சு காரணமாக அதற்கு மாற்றான தொடக்கிப் பொருள்களைத் தேடும் இக்காலத்தில் அந்த நம்பிக்கைக்கு மதிப்பு அதிகம். ஆனால் இந்தக் கணக்கீடுகள் குறையற்ற படிகத்தை எடுத்துக்கொள்பவை. வெப்பப்புள்ளிகளோ குறைகளில் பிறப்பவை. ஆகவே வெப்பப்புள்ளி எங்கே தோன்றும் என்பதைப் பவ்டனின் வழியும், அங்கே அயனி எப்படி உடையும் என்பதை அதிர்வுகளின் வழியும் சொல்கின்றன என்று கொள்வதே பொருத்தம்.

தள்ளி வைத்த கேள்விக்கு இப்போது திரும்பலாம். காரீய அசைடும் பிஇடிஎன்னும் ஒரே அளவு அடிக்கு வெடிக்கின்றன என்றால் இரண்டுக்கும் என்ன வேறுபாடு? வேறுபாடு தொடக்கத்தில் இல்லை, வளர்ச்சியில் இருக்கிறது. பிஇடிஎன்னில் ஒரு வெப்பப்புள்ளி தோன்றினால், அது முதலில் எரிதலாகத் தொடங்கி, சூழ்நிலை இடங்கொடுத்தால் படிப்படியாக வேகம் பெற்று, பிறகே அதிர்வலையோடு கூடிய முழு வெடிப்பாக மாறும். சிறிய அளவில், திறந்த வெளியில் அது பெரும்பாலும் எரிதலோடு முடிந்துவிடும். காரீய அசைடில் எரிதல் என்ற இடைக்கட்டம் கிட்டத்தட்ட இல்லை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தொலைவுக்குள் அது முழு வெடிப்பாகிவிடுகிறது. அலை நொடிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. அசைடு அயனி மிகச் சிறியது, அதன் சிதைவுக்குப் பல கட்ட வினைகள் தேவையில்லை, நைட்ரஜனாகப் பிரிந்தவுடன் கணக்குத் தீர்ந்துவிடுகிறது என்பதே இந்த வேகத்தின் காரணம். உராய்வுச் சோதனையிலும் இரண்டின் தரம் வெகுவாகப் பிரிந்துவிடுகிறது. காரீய அசைடுக்கு 1 நியூட்டன் அல்லது அதற்கும் குறைந்த விசை போதும். பிஇடிஎன்னுக்கு 60 நியூட்டன் தேவை. டிஎன்டி 350 நியூட்டனிலும் அசைவதில்லை. மோதல் எண்ணை மட்டும் வைத்து ஒரு பொருளின் ஆபத்தை எடைபோடக் கூடாது என்று வெடிபொருள் வல்லுநர்கள் சொல்வது இதனால்தான்.

குவாரிக் கேப்பின் அமைப்பும் இப்போது விளங்கும். சிறு தூண்டுதலுக்கு இணங்கும் பொருள் மிகக் குறைந்த அளவில் மேலே இருக்கிறது. அதன் வெடிப்பு அடியில் உள்ள பிஇடிஎன் போன்ற பொருளை உசுப்புகிறது. அது தோட்டாவை உசுப்புகிறது. எளிதில் வெடிக்கும் பொருளைக் குறைவாகவும், வலிமையான பொருளை அடிக்கு இணங்காததாகவும் வைத்துக்கொள்வதில்தான் முழு ஏற்பாட்டின் பாதுகாப்பும் இருக்கிறது. காரில் உள்ள காற்றுப்பையைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். 1990-கள் வரை பல காற்றுப்பைகளை நிரப்பியது சோடியம் அசைடிலிருந்து வந்த நைட்ரஜன்தான். விபத்தின் மோதலே அந்த அசைடை வெடிக்கச் செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படியல்ல, மோதலை உணரும் கருவி மின்சாரத்தால் ஒரு சிறு மருந்தை எரிக்கிறது, அதன் வெப்பமே அசைடைச் சிதைக்கிறது. அடிக்கு இணங்காத அசைடு என்பதால்தான் அதை மனிதர் முகத்துக்கு எதிரே வைக்க முடிந்தது. பிறகு அதன் நச்சுத்தன்மை காரணமாக அதற்கும் மாற்று வந்துவிட்டது.

நம் மாவட்டத்துக்கு ஈரம் பற்றிய செய்தி மிக முக்கியமானது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளும் பெய்கிற மண் இது. கடற்காற்றும் சேர்ந்தால் ஆண்டின் பெரும்பகுதி ஈரம்தான். பட்டாசு நமத்துப்போனால் வெடிக்காது என்பதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்ததால், மழையில் நனைந்து கிடக்கும் கேப்பும் செத்துப்போயிருக்கும் என்று நினைப்பது இயல்பு. அந்த நினைப்பு உயிருக்கே ஆபத்தானது. காரீய அசைடு தண்ணீரில் கரைந்து மறைவதில்லை; 30 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையிலும் அது வெடிக்கக் கூடியது. அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. ஈரமும் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து காரீய அசைடை மெல்ல அரித்து ஹைட்ரசோயிக் அமில ஆவியை வெளிவிடும். அந்த ஆவி தாமிரத்தையோ பித்தளையையோ தொட்டால் தாமிர அசைடு படியும். முன்பு சொன்னபடி, இந்தக் குடும்பத்தில் அடிக்கு மிக எளிதில் இணங்கும் உறுப்பினர் அது. காரீய அசைடு உள்ள டெட்டனேட்டர்களின் கூட்டை அலுமினியத்தில் செய்வது இதைத் தவிர்க்கத்தான். பழைய கேப் புதியதைவிட ஆபத்தானதாக மாறக்கூடும் என்பதற்கு வேதியியல் தரும் காரணம் இது.

இதே வினை, வெடிபொருளோடு எந்தத் தொடர்பும் இல்லாத இடத்திலும் நடந்திருக்கிறது. சோடியம் அசைடு மிகக் குறைந்த செறிவில் நுண்ணுயிர்க் கொல்லியாகச் சில ஆய்வக வினைப்பொருள்களில் சேர்க்கப்படுகிறது. இரத்த அணுக்களை எண்ணும் கருவிகளுக்கான கரைசல்கள் அதற்கு எடுத்துக்காட்டு. அந்தக் கழிவை நாள்தோறும் தொட்டியில் ஊற்றிவிட்டால், தாமிர, காரீயக் குழாய்களின் உள்சுவரில் அந்தந்த உலோகத்தின் அசைடு படியும். பிறகு குழாயைக் கழற்ற வந்தவர் ஒரு தட்டுத் தட்டினால் அது வெடிக்கும். அமெரிக்காவில் இத்தகைய வெடிப்புகள் நிகழ்ந்து, 1976-இல் அந்நாட்டின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனம் எச்சரிக்கை வெளியிட்டது. அடியைத் தாங்கும் சோடியம் அசைடு, உலோகம் மாறியதும் அடியைத் தாங்காத பொருளாகிவிட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை என எங்கும் இரத்தப் பரிசோதனைக் கூடங்கள் பெருகியுள்ள இந்தக் காலத்தில், அங்கே பணியாற்றுகிறவர்கள் தாங்கள் வாங்கும் கரைசலின் புட்டியில் அசைடு என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கழிவை உரிய முறையில் தனியே சேகரித்து அனுப்ப வேண்டும். அமிலத்தோடு அதைக் கலக்கவே கூடாது. நச்சும் வெடிப்பும் ஒருங்கே கொண்ட ஹைட்ரசோயிக் அமிலம் அப்போது ஆவியாக வெளிவரும்.

கைவிடப்பட்ட குவாரிக் குழிகளின் ஓரத்தில், இரு வயர்கள் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு அலுமினியக் குழலைப் பிள்ளைகள் கண்டெடுக்க வாய்ப்பு உண்டு. அதன் எடை சில கிராம். தோற்றத்தில் அச்சுறுத்தும் எதுவும் அதில் இல்லை. அதைக் கையிலெடுக்காமல், கல்லால் தட்டாமல், வயரை இழுக்காமல், பாட்டரியோடு இணைத்துப் பார்க்காமல், இருந்த இடத்திலேயே விட்டு விலகி, பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். அவர்கள் 100 அல்லது 112 என்ற எண்ணில் காவல்துறைக்குத் தெரிவித்தால், வெடிபொருளை அகற்றப் பயிற்சி பெற்றவர்கள் வந்து எடுத்துச் செல்வார்கள்.